‘அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்ற பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பக் கேள்வி-பதில் பகுதியில், கணினியில் உள்ள பாட்டுகளில் பாதி தம்முடைய ஐபோனில் தெரியவில்லை என்றும், டேப்லெட்டில் வேறொரு பாதி தெரிகிறது என்றும் டோம்பிவிலி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். செட்டிங்ஸில் இருக்கும், எல்லாக் கருவிகளிலும் ஒரே பாட்டுத் தொகுப்பை வைத்துக்கொள்ள உதவும் லைப்ரரி சிங்க் வசதியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒற்றை வரியில் பதில் தரப்பட்டிருந்தது. கடைகளில் வாங்கிய, சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுகளை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த யோசனை பலிக்கவும் கூடும். ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இருக்கிற நம்மவர் வீடுகளில் பாட்டுத் தொகுப்பு என்பது அவ்வளவு எளிமையானதாக இருப்பதில்லை. அப்பா கேசட்டில் பிடித்து வைத்த கச்சேரி, பஜனை மண்டலியின் ராதா கல்யாணப் பதிவு, பெண்ணின் அரங்கேற்றத்துக்குப் பாடகி பாடிக் கொடுத்த உருப்படிகள், இவற்றோடு சினிமாப் பாட்டு எம்பி3 ஆயிரக்கணக்கில் என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அத்தகைய தொகுப்பை வைத்திருப்பவர் அந்தப் பொத்தானை யோசிக்காமல் தொடக் கூடாது என்பதையும், அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை எவை என்பதையும் விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் பகுதி பஜனை மண்டலியின் பதிவுகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பதால், இந்தக் கேள்வியோடு என் வீட்டுக் கதவைத் தட்டுவோர் உண்டு.

முதலில், அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மியூசிக் சந்தா வைத்திருப்பவர் தம்முடைய ஐபோனில் லைப்ரரி சிங்கை அணைத்தால், அந்தச் சேவையிலிருந்து இறக்கி வைத்திருந்த பாட்டுகள் அனைத்தும் அந்தக் கருவியை விட்டு அகன்றுவிடும். மறுபடி போட்ட பிறகு பட்டியல் மெதுவாகத் திரும்பி வரும். பாட்டுகளை மீண்டும் இறக்க வேண்டும். வைஃபை வசதி உள்ள வீட்டில் இது வெறும் காத்திருப்புதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணினியிலிருந்து கேபிள் வழியாக முன்பே ஏற்றிய பாட்டுகள் கருவியில் இருக்கும்போதுதான். சிங்கைப் போடும் நேரத்தில், இருக்கும் பாட்டுகளை அப்படியே வைத்துக்கொள்வதா அல்லது நீக்கிவிட்டு கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், உள்ளவற்றை வைப்பதா என்ற கேள்வி ஆங்கிலத்தில் இரண்டு வரியில் வந்து நிற்கும். தாதர் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றுகொண்டு ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக அதைப் படிக்கிறவர், எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார். பாட்டுகளின் மூலப் பிரதி பழைய கணினியில் மட்டும் இருந்திருந்து, அந்தக் கணினி பழுதாகி எடைக்குப் போய்விட்டிருந்தால், போனில் இருந்ததுதான் கடைசிப் பிரதி. அது போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

இதைவிடக் கடுமையான இன்னொரு கேள்வியும் உண்டு. கேபிள் வழியாகப் பாட்டு ஏற்றும் முறையில் ஓர் ஐபோன் ஒரு கணினியின் லைப்ரரியோடு மட்டுமே இணைந்திருக்கும். டோம்பிவிலி வீட்டுக் கணினியில் ஏற்றிய போனை, பவாயில் இருக்கும் மகனின் லேப்டாப்பில் செருகிப் பாட்டு ஏற்ற முயன்றால், இந்தப் போன் வேறொரு லைப்ரரியோடு இணைந்துள்ளது, அழித்துவிட்டு இதிலிருந்து ஏற்றட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் போனில் ஏற்கெனவே கேபிள் வழி ஏறியிருந்த பாட்டுகள் முழுவதும் போய்விடும். அவசரத்தில் இருக்கும் மகன்கள் இதற்கு ‘ஆம்’ சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். அம்மாவின் போனில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆகவே, டோம்பிவிலி வாசகருக்கு நான் சொல்லக்கூடிய முதல் பதில், எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன்னால் மூலத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள் என்பதே. போன், டேப்லெட், அலுவலக லேப்டாப், வீட்டுக் கணினி என்று நான்கு கருவிகள் இருந்தால், நான்கில் ஒன்றுதான் மூலம். மற்றவை அதைப் பார்த்து நிரம்பிக்கொள்பவை. மூலம் வீட்டுக் கணினியிலோ, அதனோடு இணைத்த ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கட்டும். புதிய பாட்டு எது வந்தாலும், அது வாட்ஸ்ஆப்பில் வந்த பதிவாக இருந்தாலும் சரி, முதலில் அங்கே போய்ச் சேரட்டும். எங்கெங்கோ சேர்த்ததை நான்கு கருவிகளும் ஒன்றோடொன்று பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், எந்தப் பிரதி சரியானது என்பதை அவற்றால் முடிவு செய்ய இயலாது, நமக்கும் நினைவிருக்காது.

அந்த மூலத் தொகுப்பிலேயே பலருக்கு ஒரு குறை இருக்கிறது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் போன்ற பாட்டு நிரல்களில் தெரியும் பட்டியல் வேறு, டிஸ்க்கில் இருக்கும் பாட்டுக் கோப்புகள் வேறு. பிளேலிஸ்ட், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு, நட்சத்திர மதிப்பீடு ஆகியவை பட்டியல் கோப்பில் இருக்கும். பாட்டு எந்த போல்டரில் உள்ளது என்ற முகவரியையும் அந்தப் பட்டியல் குறித்து வைத்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கை வேறு துளையில் செருகியதால் விண்டோஸ் அதற்கு இ என்பதற்குப் பதிலாக எஃப் என்று எழுத்துக் கொடுத்துவிட்டாலோ, யாரோ போல்டரை இடம் மாற்றிவிட்டாலோ, பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி விழும். பாட்டு பத்திரமாக டிஸ்க்கில்தான் இருக்கும், ஆனால் நிரலுக்கு அது தெரியாது; நிரலுக்குத் தெரியாத பாட்டு போனுக்கும் போகாது, கிளவுடுக்கும் போகாது. ‘பாதிப் பாட்டு போனில் வரவில்லை’ என்ற புகாரில் கணிசமானவை இந்த ஆச்சரியக்குறியில்தான் போய் முடிகின்றன. டிஸ்க்குக்குப் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்துவிட்டு, பிறகு ஃபைல் மெனுவில் லைப்ரரி என்பதன் கீழே உள்ள கன்சாலிடேட் வசதியைப் பயன்படுத்தி, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரே போல்டருக்குள் பிரதியெடுத்துக்கொள்வது நல்லது. அதன் பின் அந்த ஒரு போல்டரை வேறொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சிங்க் சம்பந்தமான வேலை எதுவும் அதற்குப் பிறகுதான்.

2019-இல் மேக் கணினிகளில் ஐடியூன்ஸ் என்ற நிரல் மியூசிக், டிவி, பாட்காஸ்ட் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. போனைக் கேபிளில் இணைக்கும் வேலை, கோப்புகளைக் காட்டும் ஃபைண்டர் நிரலுக்குப் போய்விட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து, சொன்ன இடத்தில் பொத்தானே இல்லை என்று தவிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: போனில் லைப்ரரி சிங்க் போடப்பட்டிருக்கும் வரை கேபிள் வழியாகப் பாட்டு ஏற்ற முடியாது. இரண்டு முறைகளில் ஏதேனும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றி மாற்றி முயல்வதால்தான் சிலருடைய போனில் ஒரு நாள் இருந்த பாட்டு மறுநாள் காணாமல் போகிறது.

கணக்கு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். எல்லாக் கருவிகளிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும், கூகுள் சேவை என்றால் ஒரே ஜிமெயில் இருக்க வேண்டும். குடும்பச் சந்தாவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லைப்ரரிதான். கணவர் சேர்த்த பாட்டு மனைவியின் டேப்லெட்டில் வராதது கோளாறு ஆகாது.

கணக்கு சரியாக இருந்தும் பாட்டு வரவில்லை என்றால், கணினியில் மியூசிக் நிரலைத் திறந்து, பட்டியல் பார்வையில் ‘கிளவுட் ஸ்டேட்டஸ்’ என்ற பத்தியை (மேலிருந்து கீழாக வரும் வரிசையை) காட்டும்படி வைக்க வேண்டும். டோம்பிவிலி வாசகருக்கு ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, ஆப்பிளின் தொகுப்பில் அதே பாட்டு கிடைத்துப் பொருத்தப்பட்டதா, நம் கோப்பே மேலே ஏற்றப்பட்டதா, காத்திருக்கிறதா, இரட்டைப் பிரதி என்று ஒதுக்கப்பட்டதா, வேறு கருவியிலிருந்து நீக்கப்பட்டதா, தகுதியற்றது என்று தள்ளப்பட்டதா என்று அது சொல்லிவிடும். காத்திருப்பவை நிறைய இருந்தால் ஃபைல் மெனுவில் லைப்ரரியின் கீழ் கிளவுட் லைப்ரரியைப் புதுப்பிக்கும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கணினியை இரவு முழுவதும் தூங்கவிடாமல் வைத்தால் போதும். அணைத்துப் போடும் வேலைக்கு அவசியமே நேராது. ‘தகுதியற்றது’ என்று வருபவைதான் நம் வீடுகளில் அதிகம், அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் மண்டலியில் பாடும் மாமி ஒருவர், ராதா கல்யாணப் பதிவு கணினியில் நன்றாக ஒலிக்கிறது, டேப்லெட்டில் அதன் பெயர்கூட வரவில்லை என்று கொண்டுவந்தார். கிளவுட் ஸ்டேட்டஸ் பத்தியைத் திறந்து பார்த்தால் அந்தப் பதிவுக்கு எதிரே மட்டும் தகுதியற்றது என்று இருந்தது. மற்ற பாட்டுகள் எல்லாம் ஏறியிருந்தன. காரணம் எளிது. ஆப்பிளின் கிளவுட் லைப்ரரி 2 மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவையும் 200 எம்பிக்கு மேற்பட்ட கோப்பையும் ஏற்பதில்லை. விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் எடுத்த எம்பி3 என்றால் சுமார் 83 நிமிடத்திலேயே 200 எம்பி ஆகிவிடும். சினிமாப் பாட்டு 5 நிமிடம். அதற்கு இந்த வரம்பு உறைக்கவே உறைக்காது. தோடய மங்களத்தில் தொடங்கி ஆஞ்சநேய உற்சவம் வரை நிறுத்தாமல் எடுத்த பதிவோ, வர்ணத்திலிருந்து மங்களம் வரை ஒரே கோப்பாக வைத்திருக்கும் சண்முகானந்தா சபைக் கச்சேரியோ அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, பதிவைப் பிரிப்பதுதான். ஆடாசிட்டி என்ற இலவச நிரலில் பதிவைத் திறந்து, தோடய மங்களம் முடியும் இடம், குரு தியானம் முடியும் இடம், அஷ்டபதி, தரங்கம், திவ்யநாமம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடையாளம் வைத்துப் பெயர் எழுதினால், அந்தப் பெயர்களிலேயே தனித்தனிக் கோப்புகளாக ஒரே கட்டளையில் ஏற்றுமதி செய்துகொள்ளலாம். பாட்டு எண்களை மறக்காமல் இட வேண்டும். எண் இல்லாவிட்டால் சில கருவிகள் அகரவரிசைப்படி அடுக்கிவிடும். அப்போது அஷ்டபதி முதலிலும் தோடய மங்களம் நடுவிலும் வந்து நிற்கும், சம்பிரதாயம் தெரிந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எண்ணைக் கோப்பின் பெயரில் எழுதுவதானால் 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதுங்கள்; இல்லையென்றால் பழைய கார் ஸ்டீரியோக்கள் சிலவற்றில் 1-க்கு அடுத்து 10 வரும். பிரித்த கோப்புகளைப் பயன்படுத்தினாலும், முழுப் பதிவை மூலத் தொகுப்பில் தனி போல்டரில் விட்டுவையுங்கள். சிறு துண்டுகளாகப் பிரித்த ஆலாபனையை மறுபடி ஒட்டுவது கடினம்.

கோப்பின் வகையாலும் இந்தச் சிக்கல் வரும். தரம் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஃபிளாக் வடிவில் பாட்டு வைத்திருப்பவர்கள், அந்த வடிவை ஆப்பிளின் மியூசிக் நிரல் லைப்ரரிக்குள் ஏற்காது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே தரத்தில் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒலியில் ஒரு துளியும் குறையாது. எம்பி3-ஆக மாற்றித் தரத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போன்கள் ஃபிளாக்கை நேராகவே பாடும்.

அடுத்தது பெயர். கருவிகள் பாட்டைக் கோப்பின் பெயரால் அடையாளம் காண்பதில்லை; கோப்புக்குள் புதைந்திருக்கும் ஐடி3 போன்ற விவரக் குறிப்புகளைப் பார்த்தே அடுக்குகின்றன. தமிழ்ப் பாட்டுகளில் இந்தக் குறிப்புகள் இருக்கும் நிலையைச் சொன்னால் வெட்கமாக இருக்கும். இளையராஜாவின் பெயர் ரோமன் எழுத்தில் ஓர் ‘ஏ’ வைத்தும் இரண்டு ‘ஏ’ வைத்தும் எழுதப்பட்டிருப்பதால் ஒரே வீட்டில் இரண்டு மூன்று இசையமைப்பாளர்களாகத் தெரிகிறார். சுப்புலட்சுமி, சுப்புலக்ஷ்மி, வெறும் எம்.எஸ். என்று ஒருவரே மூவராகிறார். ஒரு படத்தின் ஆறு பாட்டுகளை ஆறு பேர் பாடியிருந்தால், கலைஞர் என்ற இடத்தில் பாடகர் பெயர் மட்டும் இருக்கும்போது, போன் அந்த ஒரு படத்தை ஆறு ஆல்பங்களாகச் சிதறடித்துவிடும். அதைப் பார்ப்பவர் பாட்டு வரவில்லை என்றே நினைக்கிறார். ஐந்து பாட்டுகள் வேறு ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கின்றன. ஆல்பம் கலைஞர் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. அதில் படத்தின் எல்லாப் பாட்டுகளுக்கும் இசையமைப்பாளரின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போட்டு, கலைஞர் என்ற இடத்தில் பாடகரை வைத்தால் ஆல்பம் ஒன்றுசேர்ந்துவிடும். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு ஆகிய நிரல்கள் இதைப் பாட்டு பாட்டாகச் செய்யாமல் மொத்தமாகச் செய்து கொடுக்கும். இதை மூலத் தொகுப்பில் செய்ய வேண்டும், போனில் செய்யக் கூடாது. போனில் திருத்தினால் அடுத்த சிங்கில் பழைய பெயரே வந்து உட்காரலாம்.

பெயரைத் தமிழிலேயே எழுதுவோருக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு, இவற்றை எந்த ஆங்கில வழிகாட்டியும் சொல்வதில்லை. முதலாவது, யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் போன்ற முறைகளில் தட்டச்சு செய்த குறிப்புகள். அவை இன்றைய போனில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கித் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது இன்னும் நுட்பமானது. யூனிகோடில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. 2017-இல் புதிய கோப்பு முறை வரும் வரை மேக் கணினிகள் கோப்பின் பெயரைப் பிரித்தே சேமித்து வந்தன. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்கின்றன. ஆகவே ‘கோ’, ‘போ’, ‘சோ’ வரும் பெயருள்ள கோப்புகளை ஒரு பழைய மேக்குக்கும் விண்டோஸ் கணினிக்கும் இடையே சிங்க் செய்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும், அல்லது ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டுகள் மட்டும் புதிதாக நகலாகிக்கொண்டே இருக்கும். மற்ற பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கோப்பின் பெயரை எண்ணும் ரோமன் எழுத்துமாக வைத்துவிட்டு, தமிழ்ப் பெயரை உள்ளே இருக்கும் விவரக் குறிப்பில் எழுதுவதே எனக்குத் தெரிந்த தொல்லையற்ற வழி. தமிழில்தான் கோப்பின் பெயரும் இருக்க வேண்டும் என்போரின் விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் அதை விவரக் குறிப்பு நிறைவேற்றிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. கேபிளில் செருகியதும் சார்ஜ் மட்டும் என்ற நிலையிலேயே போன் இருக்கும். திரையின் மேலிருந்து வரும் அறிவிப்பைத் தொட்டுக் கோப்பு பரிமாற்றம் என்று மாற்றினால் பாட்டு போல்டரை நேராக நகலெடுக்கலாம். நகலெடுத்த பின்னும் பாட்டு நிரலில் தெரியவில்லை என்றால், அந்த போல்டரில் ‘நோமீடியா’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; அது இருக்கும் போல்டரைப் போன் வேண்டுமென்றே ஒதுக்கிவிடும். வைஃபை வழியாகத் தானாகவே நடக்க வேண்டும் என்றால் சிங்க்திங் என்ற இலவச நிரல் இருக்கிறது. அதில் வீட்டுக் கணினியை ‘அனுப்ப மட்டும்’ என்றும் போனை ‘பெற மட்டும்’ என்றும் வைத்தால், போனில் யாராவது தவறிப் பாட்டை அழித்தாலும் மூலத்துக்கு ஆபத்து வராது. போனின் பேட்டரி சேமிப்பு ஏற்பாடு இத்தகைய நிரல்களைப் பின்னணியில் நிறுத்திவிடும். அந்த ஏற்பாட்டின் விலக்குப் பட்டியலில் இவற்றைச் சேர்த்துவிட வேண்டும்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் என்ற இணையப் பாட்டுச் சேவைகள் இரண்டையும் இங்கே பலர் பயன்படுத்துகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் நம் சொந்தப் பாட்டுகள் கிளவுடுக்குப் போவதே இல்லை. கணினியில் உள்ளூர்க் கோப்புகளைக் காட்டும்படி வைத்து, அவற்றை ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்த்து, கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருக்கும்போது போனில் அந்த பிளேலிஸ்ட்டை இறக்க வேண்டும். ஐபோன் என்றால் உள்ளூர் நெட்வொர்க்கை அணுகும் அனுமதியையும் கொடுக்க வேண்டும். அந்த அனுமதியை முதல் நாள் மறுத்தவர்களுக்குப் பாட்டு என்றைக்கும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். யூடியூப் மியூசிக் 1,00,000 பாட்டுகள் வரை மேலே ஏற்றவிடுகிறது, ஆனால் கணினியின் பிரவுசரில்தான் ஏற்ற முடியும், போன் செயலியில் அந்த வசதி இல்லை. ஏற்றிய பின் எல்லாக் கருவியிலும் கேட்கலாம். நம் பதிவுகளுக்கு இது நல்ல வசதியென்றே நான் கருதுகிறேன்.

இறக்கி வைத்த பாட்டு தானாக மறைகிறது என்பாருக்கு இரண்டு இடங்களைச் சுட்டலாம். ஐபோனில் மியூசிக் செட்டிங்ஸில் இடத்தைச் சேமிக்கும் ஏற்பாடு போடப்பட்டிருந்தால், போனில் இடம் குறையும்போது நெடுநாள் கேட்காத பாட்டுகளை அது நீக்கிவிடும். ஸ்பாட்டிஃபையில் இறக்கியவை நிலைக்க 30 நாட்களுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். ஊருக்குப் போகும்போது ரயிலில் கேட்கலாம் என்று மாதக்கணக்கில் பழைய டேப்லெட்டில் இறக்கி வைத்தவர்கள், கல்யாண் தாண்டுவதற்குள் அதைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, எதற்கு வீட்டில் டிஸ்க் என்று கேட்பவர்கள் உண்டு. கூகுள் பிளே மியூசிக் என்ற சேவை ஒருவருக்கு 50,000 பாட்டுகள் வரை இடம் கொடுத்திருந்தது. 2020-இன் இறுதியில் மூடப்பட்டு, 2021 பிப்ரவரி 24-இல் மிச்சமிருந்தவற்றை அழிக்கத் தொடங்கினார்கள். யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள் என்பது உண்மை. அறிவிப்பு மின்னஞ்சலைத் திறக்காதவர்களுக்கு அது உதவவில்லை. மைஸ்பேஸ் தளமோ, சர்வர் மாற்றும்போது 2015-க்கு முன் ஏற்றப்பட்ட பாட்டுகளை இழந்துவிட்டதாக 2019-இல் ஒப்புக்கொண்டது. வீட்டில் டிஸ்க் வைப்பதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு: ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீக்குவதுதான் சிங்கின் வேலையே. பேரன் விளையாட்டாக டேப்லெட்டில் அழித்ததைப் போனும் கணினியின் பட்டியலும் கீழ்ப்படிந்து அழித்துக்கொள்ளும். அலமாரியில் கழற்றி வைத்த டிஸ்க் மட்டும் அந்தக் கட்டளையைக் கேட்காது.

லாமிங்டன் ரோடு கடைகளில் இந்த வேலையைக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போனில் பாட்டு ஏற்றிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், கடைக்காரர் தம் கணினியின் லைப்ரரியோடு இணைத்து ஏற்றிவிடுவார். முன்னர் சொன்ன அழிக்கட்டுமா என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். டிஸ்க்கைக் கொண்டுபோய் நகலெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், போனை இணைப்பதை வீட்டில் செய்யுங்கள்.

தங்கள் கேள்வி-பதில் பகுதியை நடத்துபவரிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: பதில் எழுதும்போது முதலில் நகல் இருக்கிறதா என்று கேளுங்கள், பிறகு கேபிளா கிளவுடா என்று கேளுங்கள், கிளவுட் ஸ்டேட்டஸ் பத்தியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், அணைத்துப் போடும் யோசனையைக் கடைசியில் வையுங்கள். சேவை நிறுவனங்களிடம் வாசகர்கள் சார்பில் தாங்கள் கேட்கக்கூடியதும் ஒன்று உண்டு. போனின் மொழியைத் தமிழாக வைத்தவருக்கும் ஆங்கிலமாக வைத்தவருக்கும் ஒரே மாதிரி, எத்தனை பாட்டுகள் இந்தக் கருவியிலிருந்து நீங்கப் போகின்றன, அவற்றில் எத்தனைக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்று எண்ணிக்கையோடு எச்சரிக்கை வர வேண்டும். அந்தக் கணக்கு நிரலிடம் ஏற்கெனவே இருக்கிறது, காட்டுவதுதான் இல்லை. தமிழ்ப் பாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள் ஒரு கலைஞரின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதவும், ஆல்பம் கலைஞர் என்ற இடத்தை நிரப்பவும் முன்வந்தால் வீடுகளில் நடக்கும் பாதி வேலை மிச்சமாகும்.

டோம்பிவிலி வாசகர் இன்னும் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருந்தால், தயவுசெய்து இக்கடிதத்தின் சுருக்கத்தையாவது அடுத்த வாரப் பகுதியில் வெளியிட்டு அவருக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செம்பூர், மும்பை.